ஆமையின் கடியும் முள்ளம்பன்றியின் பல்லும்

மூங்கிலாற்றுக் காட்டை நெடுங்காலம் ஓநாய்கள் ஆண்டன. ஒருநாள் அவை கிளம்பிப் போய்விட்டன. சும்மா போகவில்லை. தின்ன முடிந்ததைத் தின்று, தூக்க முடிந்ததைத் தூக்கிக்கொண்டு போயின.

காடு இனி நம்முடையது என்று மிருகங்கள் கூடி ஆடின. ஆடி முடித்ததும் பசித்தது.

நல்லவேளையாக அந்த வருஷம் மூங்கில் பூத்தது. மூங்கில் தன் ஆயுளில் ஒரே ஒரு முறைதான் பூக்கும். அரிசியாக உதிர்த்துக் கொட்டிவிட்டுச் செத்துப்போகும். கொட்டியதை எல்லாம் மிருகங்கள் வாரிக்கொண்டு வந்து ஒரு பாறைக் குகையில் சேர்த்தன.

அரிசி சேர்ந்ததும் தகராறும் வந்து சேர்ந்தது. வளை தோண்டித் தந்த கரடிக்குக் கூலியை எப்படிக் கொடுப்பது? அரிசியைச் சுமந்துகொண்டு நடந்தால் பாதி வழியில் சிந்துகிறது, மீதியை எறும்பு தூக்குகிறது. அதனால் ஒரு ஏற்பாடு செய்தன. காய்ந்த புங்கங்காயின் ஓரத்தை ஆமை ஒரு கடி கடித்துக் கொடுக்கும். அந்தக் கடிக்காயைக் குகை வாசலில் நீட்டினால் ஒரு மூங்கில் குழாய் நிறைய அரிசி. புதிதாகத் தானியம் பொறுக்கி வந்து போடுகிறவருக்குக் குழாய்க்கு ஒரு கடிக்காய். குகையில் எத்தனை குழாய் உண்டோ அத்தனை காய்தான் காட்டில் நடமாடும்.

ஏன் ஆமை? அதற்குப் பல் கிடையாது. தாடையால் கடித்தால் வழுவழுவென்று ஒரு பிறை விழும். வேறு எந்த மிருகம் கடித்தாலும் அப்படி விழாது. எதையும் தூக்கிக்கொண்டு ஓடவும் அதனால் முடியாது. அதோடு, முகத்தாட்சண்யம் என்ற ஒன்று அதனிடம் மருந்துக்கும் இல்லை.

காட்டுக்குத் தலைவனாக இருந்தது திமிலன் என்ற காட்டெருமை. சபையைக் கூட்டி, ஆமைக்குத் திமிலனே அதிகாரம் கொடுத்தது. காய் கடிப்பது ஆமை மட்டும். பிறர் பொருளை வாங்கி வைத்திருக்கிற எந்த வளைக்குள்ளும் ஆமை நுழைந்து பார்க்கலாம். குகையின் கடைசியில் பஞ்சத்துக்கென்று ஒதுக்கிய குவியலை ஆமை சொல்லாமல் யாரும் தொடக் கூடாது. தலைவனும் தொடக் கூடாது. "நானே கேட்டாலும் இல்லைன்னு சொல்லு" என்று திமிலன் சபையில் சொன்னது. எல்லோரும் காலைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள்.

காய் சேர்ந்தவர்கள் அதை எங்கே வைப்பது? முள்ளாண்டி என்ற முள்ளம்பன்றிக்கு ஆழமான வளை இருந்தது. தன்னிடம் பத்துக் காய் வைத்தால் கோடை பிறக்கும்போது பதினொன்றாக வாங்கிப் போகலாம் என்றது. வாங்கியதை வேறு ஆட்களுக்குக் கடன் கொடுத்து அதில் சம்பாதிக்கும். அது தப்பில்லை. ஆனால் கேட்கிறவருக்குத் திருப்பித் தர, ஒரு பங்கு எப்போதும் வளையில் இருக்க வேண்டும் என்று ஆமை கட்டளை போட்டிருந்தது.

நெடியன் என்ற இருவாச்சிப் பறவை முள்ளாண்டியிடம் தன் காய்களைக் கொண்டுபோனது. சாதாரணமாகக் கொடுத்துவிடுகிற ஆள் இல்லை நெடியன்.

"பத்துக்குப் பதினொண்ணா? பன்னெண்டு குடு."

"அண்ணே, உங்க அலகு நீளம்னு தெரியும். இவ்வளவு நீளம்னு தெரியாது" என்று முள்ளாண்டி சிரித்தது. சிரித்துவிட்டு, "சரி, பன்னெண்டு" என்றது.

அங்கேயே நெடியன் காயை அள்ளிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். கேட்டவுடன் ஒத்துக்கொள்கிறவன் கொடுக்கிற எண்ணத்தில் இல்லை என்பது பேரம் பேசிப் பிழைக்கிற எவனுக்கும் தெரியும். நெடியனுக்கும் தெரியும். ஆனால் அதற்கு அந்த இரண்டு காய் வேண்டியிருந்தது.

காரணம் இருந்தது. அதன் மனைவி பொன்னலகி முட்டையிடப் போகிறாள். இருவாச்சிகளின் வழக்கம் ஒன்று உண்டு. பெண் பறவை மரப்பொந்துக்குள் போய், உள்ளேயிருந்தே வாசலை அடைத்துவிடும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல்தான் திறந்திருக்கும். உள்ளே போனதும் சிறகு உதிர்ந்துவிடும். அது மறுபடி முளைத்து, குஞ்சும் தேறுகிறவரை வெளியே வர முடியாது. அதுவரை அந்தக் கீறல் வழியாக ஆண் ஊட்டுவதுதான் சாப்பாடு. கோடையில் காட்டில் பழம் கிடையாது. குகை அரிசிதான் கதி. அதற்குத்தான் அந்தக் காய்கள்.

கோடை தொடங்கும் சமயத்தில் ஆமை முள்ளாண்டியின் வளையைப் பார்வையிட வந்தது. முன்னால் காய் மலைபோல் குவிந்திருந்தது. ஆமை அதோடு நிற்கவில்லை. உள்ளே நடந்தது.

"இன்னும் எதுக்கு உள்ளே வர்றே? இவ்வளவு பெரிய குவியல் கண்ணுக்குத் தெரியலையா?" என்றது முள்ளாண்டி.

"குவியலைப் பாக்க வரலை. பின்சுவர்ல என் மூக்கு இடிக்கணும். அப்பதான் பார்த்ததா அர்த்தம்."

ஆமை குவியலுக்குள் புகுந்து நடந்தது. மேலே காய். அடியில் சருகு. சருகுக்குப் பின்னால் சுவர்.

காய்கள் எங்கே என்று விசாரித்தால், திமிலனின் தம்பிகளுக்குக் கடனாகப் போயிருந்தன. அந்தத் தம்பிகள் வாங்கத் தெரிந்தவர்கள். திருப்பித் தருகிற பழக்கம் அவர்களிடம் இல்லை. ஆமை வளை வாசலில் ஒரு முள்கிளையை இழுத்துப் போட்டது. கடனை வசூல் செய்து குவியலை நிரப்புகிறவரை யாரும் உள்ளே காய் வைக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனது.

அதே சமயத்தில் திமிலன் ஆளனுப்பி ஆமையை வரவழைத்தது. ஓநாய்கள் போன நாளைக் கொண்டாட வேண்டும், பெரிய விருந்து வைக்க வேண்டும், இருக்கிற அளவுக்கு இன்னொரு மடங்கு காய் கடித்துக் கொடு என்றது.

"குகையில எவ்வளவு இருக்கோ அவ்வளவுதான் கடிப்பேன்" என்றது ஆமை.

"நான் தலைவன்."

"தலைவர்தான். அதுனால அரிசி கூடிடுமா?"

ஒருவருக்கு வளை அடைபட்ட கோபம். இன்னொருவருக்கு விருந்து கெட்ட கோபம். இரண்டும் சேர்ந்தன. சபை கூடியது.

முள்ளாண்டி எழுந்து பேசியது. ஆமை நம் காலத்துக்கு ஒத்துவராத மந்தம் என்றது. தலைவன் கேட்டும் இல்லை என்று சொல்கிற திமிர் என்றது. கடைசியில் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "ஓநாய் போச்சு, ஆமை வந்துச்சு. நமக்கு என்ன விடுதலை?" என்றது.

அந்த ஒரு பேச்சில் சபை கொதித்துவிட்டது. அதிலும் அதிகமாகக் கொதித்தது நெடியன். பொன்னலகி அன்று காலையில்தான் பொந்தை அடைத்திருந்தாள். நெடியனின் காயெல்லாம் அந்த முள்கிளைக்குப் பின்னால் இருந்தது.

"என் காயை நான் எடுக்க இந்த ஆமை யாரு தடுக்க? இறக்குங்க இவளை!" என்று நெடியன் கத்தியது. கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டு, இறக்கு இறக்கு என்று கூவியது.

ஆமை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வளை முடங்கினால் அதில் வைத்தவர்கள் பட்டினி கிடக்காமல் பஞ்சக் குவியலிலிருந்து கொடுக்கலாம் என்று அது ஏற்கெனவே முடிவு செய்திருந்தது. அந்த முடிவில் நெடியனுக்கு உள்ளது முதல் பங்கு. அதைச் சொல்லியிருந்தால் சபை ஒருவேளை அடங்கியிருக்கும். ஆனால் ஆமைக்கும் ரோஷம் வந்துவிட்டது. கேட்டால் சொல்லலாம், கத்துகிறவனுக்கு என்ன பதில் என்று தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. பிறகு திரும்பி, பாறைக் குளத்தைப் பார்த்து நடந்தது. அது சபையைத் தாண்டிப் போக வெகு நேரம் ஆயிற்று. ஒருவரும் கூப்பிடவில்லை.

வளை வாசலிலிருந்த முள்கிளையை இழுத்து எறிந்தார்கள். குகை வாசலுக்குத் திமிலனின் தம்பி காவலானது. காய் கடிக்கிற வேலையை முள்ளாண்டியிடமே கொடுத்தார்கள். நன்றாகக் கடிக்கிறவர் என்று பெருமை வேறு பேசினார்கள்.

இங்கேதான் யாரும் யோசிக்கவில்லை. ஆமை வேண்டும்போது கடிக்கும், வேண்டாதபோது வாயை மூடிக்கொள்ளும். முள்ளம்பன்றியால் அது முடியாது. அதன் பல் வளர்ந்துகொண்டே இருக்கிற பல். எதையாவது கடித்துத் தேய்க்காவிட்டால் தாடையையே குத்திவிடும். நிறுத்தத் தெரியாத வாயில் கொண்டுபோய்க் காட்டின் காயை வைத்தார்கள்.

முள்ளாண்டி கடித்தது. கடித்துக்கொண்டே இருந்தது. விருந்துக்குக் கடித்தது, தம்பிகளுக்குக் கடித்தது, யாரும் கேட்காதபோதும் கடித்தது. புங்கமரங்கள் காய் தீர்ந்து மொட்டையாக நின்றன. காட்டில் எல்லோரும் பணக்காரர்கள். விருந்து அமர்க்களமாக நடந்தது. அரிசி போதவில்லை என்றதும் திமிலன் பஞ்சக் குவியலைத் திறக்கச் சொன்னது. இல்லை என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

கரடி ஒரு தேனடைக்கு ஒரு காய் வாங்கிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு கூடை கேட்டது. பிறகு, காயே வேண்டாம், வேறு ஏதாவது கொண்டு வா என்றது. தானியம் பொறுக்கி வந்து குகையில் போடுகிறவர்களும் நின்றுவிட்டார்கள். செல்லாத காய்க்கு யார் குனிந்து பொறுக்குவது?

மரங்களில் மிச்சமிருந்த பழமும் தீர்ந்ததும் நெடியன் முள்ளாண்டியிடம் ஓடியது. முள்ளாண்டி மிகுந்த மரியாதையோடு பத்துக்குப் பன்னிரண்டாக எண்ணி வைத்தது.

"சொன்ன சொல் தவறினேனா அண்ணே? இன்னும் நாலு வேணும்னாலும் எடுத்துக்குங்க" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு காயைக் கடித்தது.

நெடியன் அதை அலகில் அள்ளிக்கொண்டு குகைக்குப் பறந்தது. காவலில் யாரும் இல்லை. உள்ளே பறந்தது. தரையில் உமி. இன்னும் உள்ளே போனது. உமி. அலகு டக்கென்று பின்சுவரில் இடித்தது. அலகிலிருந்த காய்கள் சிதறின.

அங்கிருந்து அது பாறைக் குளத்துக்குத்தான் போனது. ஆமை தண்ணீரோரம் கல்லோடு கல்லாகக் கிடந்தது.

"ஆமையக்கா, கொஞ்சம் அரிசி இருந்தா குடு. அவ உள்ளே இருக்கா."

"வளையை அடைச்ச அன்னைக்கே பஞ்சக் குவியல்ல உனக்கு ஒதுக்கியிருந்தேன்" என்றது ஆமை. "பொன்னலகி பொந்துக்குள்ள போற நேரம்னு எனக்குத் தெரியும்."

"அன்னைக்கு ஏன் சொல்லலை?"

"நீ கேக்கலை. கத்தினே." ஆமை கழுத்தை முழுக்க வெளியே நீட்டிச் சொன்னது: "நானாவது சொல்லியிருக்கணும்."

 ஆமை தண்ணீரில் இறங்கி இரண்டு நத்தையைக் கொண்டுவந்து வைத்தது. அதனிடம் இப்போது இருந்தது அவ்வளவுதான்.

நெடியன் அலைந்து திரிந்து கிடைத்ததைக் கொண்டுபோனது. ஒரு நாள் ஒரு பல்லி, ஒரு நாள் வெறும் பட்டை. சில நாள் கீறல் வழியாக நீண்ட அலகுக்குள் வைக்க எதுவுமே இல்லை. அப்போதும் அது பொந்தின் வாசலில் தொற்றிக்கொண்டு நின்றது. பொன்னலகி குறை சொல்லவில்லை. பன்னிரண்டு காய் கிடைத்ததா என்று மட்டும் ஒருமுறை கேட்டாள். கிடைத்தது என்றது நெடியன்.

கடைசியில் பொன்னலகி தான் கட்டிய சுவரைத் தானே உடைத்தாள். முளைத்தும் முளையாத சிறகோடு கிளையில் வந்து உட்கார்ந்தாள். உள்ளே இரண்டு குஞ்சுகள். ஒன்று வாயைத் திறந்தது. மற்றது திறக்கவில்லை.

மழை வந்த பிறகு திமிலனே குளத்துக்கு வந்தது. பெரிய உடம்பு, தலை மட்டும் தாழ்ந்திருந்தது. பழையபடி வந்து உட்காரும்படி கேட்டது. ஆமை உடனே சரி என்று சொல்லவில்லை. அதிகாரத்தைச் சபையில் வைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும், தம்பிகளின் கடனை முதலில் வசூலிக்க வேண்டும், ஏன் இல்லை என்கிறேன் என்று சபையில் சொல்ல ஒவ்வொரு முறையும் தனக்கு நேரம் தர வேண்டும் என்று கேட்டது. திமிலன் எல்லாவற்றுக்கும் தலையாட்டியது.

ஆமை மறுபடி காய் கடித்தது. அதே வழுவழுப்பான பிறை. ஆனால் நீட்டிய காயை மிருகங்கள் வாங்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தன, முகர்ந்தன, குகைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம் என்றன. ஆமை வழியை விட்டு ஒதுங்கி, போய்ப் பாருங்கள் என்றது. மூங்கில் மறுபடி பூக்க இன்னும் ஒரு தலைமுறை ஆகும். அதுவரை ஒவ்வொரு தானியமாகப் பொறுக்கித்தான் அந்தக் குகை நிறைய வேண்டும்.

நெடியனும் ஒரு கதிரைக் கொண்டுவந்து குகையின் கடைசியில் வைத்தது, அலகு பின்சுவரில் இடிக்கிறவரை போய்.

இல்லை என்று சொல்வதற்கென்றே ஒருவரை உட்கார வைத்த நாடு, அவர் சொன்ன இல்லையைப் பொறுக்காமல் எழுப்பி விரட்டினால், பிறகு அவரைக் கூப்பிட்டு வரலாம். இழந்த நம்பிக்கையையும் செத்த குஞ்சையும் கூப்பிட்டு வர முடியாது.