அரைஞாண் எட்டவில்லை

மழையும் ராஜாவும் தங்கள் இஷ்டத்துக்கு நடந்துகொண்ட காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் செம்மணல் நாட்டைக் கதிர்கேசரி என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், இல்லையென்று சொல்லக் கூடாது. கெட்ட சேதி மட்டும் அவன் காதில் விழக் கூடாது. விழுந்தால், சொன்னவன் தலையைப் பட்டத்து யானையின் காலுக்குக் கொடுத்துவிடுவான். அதனால் அந்த நாட்டில் கெட்ட சேதியே கிடையாது. எவ்வளவு சௌகரியம் பாருங்கள்!

சாப்பிட உட்காரும்போதெல்லாம் ராஜா, "என் நாட்டுப் பிள்ளைகள் சாப்பிட்டார்களா?" என்று கேட்பான். வீடு வீடாக நெல் அளக்கும் களஞ்சிய அதிகாரி கோடைமாறன் தொந்தியைத் தடவிக்கொண்டே, "ஆயிற்று, மகாராஜா" என்பான். ராஜாவும் திருப்தியாகச் சாப்பிடுவான்.

மந்திரி நல்லியக்கனும் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தவர்தான். ஒருநாள் உப்பளத் தெரு வழியாக வந்தபோது, செம்பி என்ற உப்பளக்காரியின் இடுப்பில் ஒரு குழந்தையைப் பார்த்தார். நடக்கப் பழகிவிட்டதா என்று சும்மா விசாரித்தார். நாலு வயசாகிறது சாமி என்றாள் அவள். அது பசியால் வளராத பிள்ளை என்று மந்திரிக்கு அப்போதுதான் புரிந்தது. அன்று மத்தியானம் கோடைமாறன் "ஆயிற்று" என்றதும், அவரையும் மீறி வாய் சொல்லிவிட்டது: "எல்லாப் பிள்ளைகளும் இல்லை, மகாராஜா."

ராஜா பிசைந்த சோற்றை அப்படியே விட்டு எழுந்தான். மந்திரி பதவிமேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த கோடைமாறனுக்கோ உள்ளுக்குள் ஒரே குஷி. நாளைக் காலை மகாராஜாவே நேரில் போய்ப் பார்க்கட்டும், மந்திரி சொன்னது பொய்யானால் யானை பார்த்துக்கொள்ளட்டும் என்று எடுத்துக்கொடுத்தான். ராஜா சரி என்றுவிட்டான்.

மறுநாள் உப்பளத் தெருவில் ராஜா முன்னே நடந்தான், யானை பின்னே வந்தது. அதன் கால் சங்கிலி தரையில் இழுபடும் சத்தம் மந்திரியின் பிடரியிலேயே கேட்டது. தெருவைப் பார்த்தார். வாசலுக்கு வாசல் தாய்மார்கள், அவர்கள் இடுப்பில் கிழிசல் துணி கட்டிய கொழுகொழு பிள்ளைகள்.

செம்பியின் இடுப்பிலும் ஒரு கொழுத்த குழந்தை. அது அவளிடம் ஒட்டாமல் திமிறி, வேறு யாரையோ தேடி அழுதது. அவள் கண் ஒரே ஒரு தடவை தெருக்கோடிக் களஞ்சியத்தைப் பார்த்தது. பிறகு யானையைப் பார்த்தது. பிறகு தரையை. அவ்வளவுதான், மந்திரிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவை பெரிய வீட்டுப் பிள்ளைகள். இந்தத் தாய்மார்களின் சொந்தப் பிள்ளைகளை அந்தப் பாவி கோடைமாறன் களஞ்சியத்தில் அடைத்து, வாயைத் திறந்தால் பிள்ளை திரும்பி வராது என்று மிரட்டியிருக்கிறான். செம்பியைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் அவள் பிள்ளை போய்விடும். கூப்பிடாவிட்டால் தன் தலை போய்விடும்.

"எங்கே மந்திரி, உம்முடைய பசித்த பிள்ளைகள்?" என்றான் ராஜா.

அப்போதுதான் மந்திரியின் பார்வை அந்தக் கொழுத்த குழந்தையின் இடுப்பில் விழுந்தது. இடுப்பு மொட்டையாக இருந்தது. அந்த நாட்டில் பிள்ளை பிறந்தால் அரண்மனையிலிருந்து சிவப்புக் கயிற்றில் அரைஞாண் வரும். பிள்ளை வளர்ந்து கயிறு இறுகினால் பழசைக் கொடுத்துப் புதுசு வாங்கிக்கொள்வார்கள். பணக்காரர்கள் மட்டும் அதைத் தூர வைத்துவிட்டு வெள்ளியில் போடுவார்கள். வெள்ளியைக் கழற்றத் தெரிந்த கோடைமாறனுக்குக் கயிற்றைக் கட்டத் தோன்றவில்லை.

"என் தலையை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம், மகாராஜா. தெருவுக்குள் வந்த ராஜா பிள்ளைகளின் அரைஞாணை அவிழ்த்துத் தன் கையால் கட்டாமல் போனால், பிள்ளைகளுக்கு ஆகாது."

வழக்கம் அப்படித்தான். ராஜா கயிற்றைக் கேட்டான். கோடைமாறன் வேர்த்து விறுவிறுத்து, துவைத்துக் காயப்போட்டிருக்கிறது என்று ஏதோ உளறி ஒரு காவல்காரனை விரட்டினான். அவன் களஞ்சியப் பக்கம் ஓடி, ஒரு தட்டு நிறையச் சிவப்புக் கயிறு கொண்டுவந்தான். கோடைமாறனுக்கு மூச்சு வந்தது. கயிறு கயிறுதானே என்று நினைத்துவிட்டான், மடையன்.

ராஜா ஒரு கயிற்றை எடுத்துச் செம்பி வைத்திருந்த குழந்தைக்குச் சுற்றினான். இரண்டு நுனியும் ஒன்றையொன்று எட்டவில்லை. இழுத்தான், குழந்தை வீரிட்டது. அடுத்த கயிறு, அடுத்த பிள்ளை. அதுவும் எட்டவில்லை. ஒன்றுகூட எட்டவில்லை. தண்ணீர் பட்டுச் சுருங்கிவிட்டது என்றான் கோடைமாறன்.

"தங்கள் புஜத்தில் கட்டிப் பாருங்கள், மகாராஜா" என்றார் மந்திரி.

ராஜா கட்டிப் பார்த்தான். அளவெடுத்த மாதிரி சரியாக இருந்தது.

"இது யார் அரைஞாண்?"

"ஒரு பிள்ளையின் இடுப்பில் இருந்தது. எங்கேயிருந்து எடுத்தான் என்று கொண்டுவந்தவனைக் கேளுங்கள்."

காவல்காரன் களஞ்சியத்தைக் காட்டினான். ராஜாவே போய்க் கதவைத் திறந்தான். ஆள் உயர நெற்குவியல்களுக்கு நடுவே பிள்ளைகள் உட்கார்ந்திருந்தன. அழவில்லை, அழத் தெம்பில்லை. ஒன்றின் உதட்டில் உமி ஒட்டியிருந்தது. பச்சை நெல்லைக் கடித்துப் பார்த்திருக்கிறது. செம்பி ஓடிவந்து அதைத்தான் வாரி எடுத்தாள்.

உழுது திருப்பித் தர மாடு உள்ள வீட்டுக்குத்தான் நெல் அளந்தேன், மாடில்லாதவன் வீட்டுக்கு எதற்கு நெல் என்று கோடைமாறன் காலில் விழுந்து புலம்பினான். ராஜா அவன் பக்கமே திரும்பாமல் செம்பியிடம் கேட்டான்.

"நீ ஏன் அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை?"

"பயம், மகாராஜா. நீங்க எங்களைப் பார்க்க வரும்போதே யானையையும் கூட்டிக்கிட்டு வந்தீங்களே."

அன்றே யானையின் முதுகில் நெல்மூட்டை ஏறியது. மாடில்லாத வீடுகளுக்கு முதலில் போயிற்று. கோடைமாறன் தலையில் கஞ்சிப்பானை ஏறியது. உப்பளத் தெருவில் கடைசிப் பிள்ளை குடித்து முடித்த பிறகுதான் அவனுக்குச் சோறு. தொந்தி கரைந்த வேகத்தை ஊரே வேடிக்கை பார்த்தது. ராஜா புஜத்தில் போட்டிருந்த ரத்தின வங்கியைக் கழற்றிவிட்டு அந்தக் கயிற்றையே அங்கே வைத்துக்கொண்டான். சாப்பிட உட்கார்ந்தால் யாரையும் கேட்பதில்லை, கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்து தெருவுக்குப் போய்விடுவான்.

மந்திரிக்கு மட்டும் பயம் விடவில்லை. சங்கிலிச் சத்தம் கேட்டால் கை தானாகக் கழுத்துக்குப் போகும். ஒருநாள் செம்பி பிள்ளையைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டு சபைக்கு வந்தாள். புதுசாகக் கட்டிய கயிறும் இறுகிவிட்டதாம், வேறு வேண்டுமாம். அன்றைக்குத்தான் மந்திரி தன் கழுத்தைத் தடவிப் பார்ப்பதை நிறுத்தினார்.