நாற்பதாவது மாதிரி

பேராசிரியர் ரெஜினாவின் ஆய்வுக் கட்டுரைப் பட்டியல் பதினோரு பக்கம். பாதி மறதி நோயாளர் பராமரிப்பு பற்றியது, மீதி தொற்றுநோய்கள் பற்றியது. இந்த இரண்டும் சேரும் இடத்தில் அவரைக் கேட்காமல் யாரும் பேனாவைத் திறப்பதில்லை என்று துறையில் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

அவருடைய மாணவி தவமணியின் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை.

முதல் வரி வந்துவிடும் என்றுதான் தவமணி நம்பியிருந்தாள். ஊருக்கு வெளியே இருந்த மறதி நோயாளர் இல்லம் ஒன்றில் எட்டு வாரமாக அவளுக்கு வேலை. வாரம் ஒரு முறை ஒவ்வொருவர் மூக்கிலும் பஞ்சுக்குச்சி விட்டு மாதிரி எடுப்பாள். காய்ச்சலோ இருமலோ காட்டாத ஒருவரிடமிருந்து கிருமி எப்படி அடுத்த கட்டிலுக்குப் போகிறது என்பதுதான் ஆய்வு. நாற்பது பேர், எட்டு வாரம். நாற்பதுக்குக் குறையாது என்று எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கியிருந்தாள். கட்டுரை ஒன்று ஏற்கப்பட்டால்தான் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். ஜூன் மாதத்தோடு அவளுக்குத் தந்த காலம் முடிகிறது. அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். காலம் நீட்டிப்பு என்றால் என்ன என்று வீட்டில் விளக்கவே அவளுக்கு ஒரு வாரம் ஆகும்.

அன்று எட்டாவது வாரத்தின் கடைசி நாள். குளிர்பெட்டியில் முப்பத்தொன்பது குழாய்கள் அடுக்கியிருந்தன. மூன்று மணிக்கு வண்டி வந்து எடுத்துப் போகும்.

மீதி ஒருவர் சீனிச்சாமி. முப்பது வருஷம் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவர். இப்போதும் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தோட்டத்துக்கு வராத வண்டிகளை ஒவ்வொன்றாக அனுப்பி வைப்பார்.

தவமணி அவர் முன்னால் குனிந்து உட்கார்ந்தாள்.

"ஐயா, என் பேரு தவமணி. மூக்குல இந்தப் பஞ்சை விட்டு ஒரு மாதிரி எடுக்கணும். எடுக்கலாமா?"

வாராவாரம் இப்படிப் புதிதாகத்தான் கேட்க வேண்டும். அவருடைய மகள் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அவரையும் கேட்க வேண்டும் என்பது ஆய்வின் விதி. ஏழு வாரமும் அவர், "சட்டுனு முடி, வண்டி நிக்குது" என்று முகத்தைக் காட்டியிருந்தார்.

"எந்த டிப்போம்மா நீ?"

"டிப்போ இல்லைங்கய்யா, காலேஜ்."

"எதா இருந்தா என்ன. இன்னிக்கு வேணாம்."

"ஒரே நிமிஷம்தான் ஐயா."

"வேணாம்னா வேணாம். ட்ரிப் கேன்சல். போ."

உள்ளங்கையால் மூக்கை மூடிக்கொண்டார்.

பக்கத்துக் கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்த பணிப்பெண் ஞானசெல்வி சிரித்தாள். "இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க? பத்து நிமிஷம் கழிச்சு வாங்க. சொன்னதே மறந்துரும். மாத்திரைக்கு நாங்க அப்படித்தான் பண்றோம். நேத்து நாலாவது தடவைதான் முழுங்குனாரு."

தவமணிக்கு நெஞ்சு லேசானது. ஆனாலும் நேராகப் போய்க் கேட்டுவிடவில்லை. ரெஜினா அன்று இல்லத்துக்கு வந்திருந்தார். சாப்பாட்டுக் கூடத்தில் தேநீரோடு படிவங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"மேடம், ஒரு சந்தேகம்."

"உக்காந்து கேளு. நின்னுக்கிட்டுக் கேட்டா பயம் மாதிரி இருக்கு."

உட்கார்ந்தாள். "சீனிச்சாமி ஐயா வேணாம்னுட்டார். ஆனா கொஞ்ச நேரத்துல அது அவருக்கு மறந்துரும். திரும்பப் போய்க் கேட்கலாமா?"

"கேட்டா?"

"சரின்னு சொல்லலாம்."

"சொல்லலைன்னா?"

"அதுவும் மறந்துரும், மேடம்."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. அவசரமாகச் சேர்த்தாள். "மாத்திரைக்கு இங்க அப்படித்தான் செய்றாங்களாம்."

"செய்வாங்க. மாத்திரை அவருக்கு. குச்சி யாருக்கு?"

தவமணி எழப்போனாள்.

"நான் தடுக்கலை. போய்க் கேளு" என்றார் ரெஜினா. "போறதுக்கு முன்னாடி ஒரு வேலை. கட்டுரையில செய்முறைன்னு ஒரு பகுதி வருமில்ல? அதுல இதை எப்படி எழுதுவே? இப்பவே எழுதிக் காட்டு."

ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினார்.

தவமணி எழுதினாள். 'ஒருவர் மாதிரி தர மறுத்தார். மறுத்ததை அவர் மறந்த பிறகு மீண்டும் கேட்கப்பட்டது.'

படித்துப் பார்த்தாள். 'மறுத்ததை அவர் மறந்த பிறகு' என்பதை அடித்துவிட்டு, 'சிறிது நேரம் கழித்து' என்று மாற்றினாள். நன்றாகவே இருந்தது. எந்த ஆய்வு ஜர்னலும் கேள்வி கேட்காது. அவ்வளவு நன்றாக இருந்ததுதான் அவளை உறுத்தியது.

தாளை வாங்கி ரெஜினா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அடிச்சது என்ன?"

தவமணி படித்தாள். அவள் குரல் இறங்கிப்போனது.

"ம். இது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். யாருக்குத் தெரியாது?"

பதில் வேண்டிக் கேட்கவில்லை. மறுபடி படிவங்களுக்குத் திரும்பிவிட்டார்.

தவமணி எழுந்து கூடத்தைக் கடந்தாள். மேலங்கிப் பையில் பிரிக்காத பஞ்சுக்குச்சி இருந்தது. கேட்கப் போகிறோமா, சும்மா போகிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை.

சீனிச்சாமி அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். கைகள் மடியில் இருந்தன.

"வாம்மா. என்ன தயங்கித் தயங்கி நிக்கிறே? ஏதோ கேக்க வந்த மாதிரி இருக்கு. கேளு."

ஞானசெல்வி தூரத்திலிருந்து புருவத்தை உயர்த்தி, 'ம், இப்பத்தான்' என்று சைகை காட்டினாள்.

தவமணியின் விரல்கள் பைக்குள் போயின. உறை சரசரத்தது.

"ஏற்கெனவே கேட்டுட்டேன் ஐயா. மூக்குல மாதிரி எடுக்கலாமான்னு. நீங்க வேணாம்னு சொல்லிட்டீங்க."

"நானா?"

"நீங்கதான்."

"எத்தனை மணிக்கு?"

"பத்து நாப்பதுக்கு."

சீனிச்சாமி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். உதடுகள் கணக்குப் போடுவது போல அசைந்தன.

"பத்து நாப்பதா. அப்ப சரி. டைம் போட்டா போட்டதுதான். மாத்த முடியாது."

"சரிங்கய்யா."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லைங்கய்யா."

"அப்புறம் ஏன் ரோட்டை மறிச்சுக்கிட்டு நிக்கிறே? திருமங்கலம் வண்டி உள்ள வரணும்ல. ஒதுங்கு, ஒதுங்கு."

தவமணி சிரித்தபடி ஒதுங்கி வழிவிட்டாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் ரெஜினாவின் எதிரே உட்கார்ந்தாள். இந்த முறை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"முப்பத்தொன்பது, மேடம்."

"சரி."

"நாப்பதுன்னு எழுதிக் குடுத்திருக்கோம். கட்டுரையைத் திருப்பி அனுப்பிட்டாங்கன்னா?"

"வேற ஜர்னலுக்கு அனுப்புவோம். என் பட்டியல்ல இருக்கிறதுல பாதி, ரெண்டு மூணு வாசல்ல செருப்படி வாங்கிட்டு வந்ததுதான். ஜூனுக்குள்ள எவ்வளவு முடியுமோ அவ்வளவு. முடியலைன்னா காலம் நீட்டிக்கக் கேட்டு நான் எழுதறேன். இப்போ படிவத்தை முடி."

தவமணி சீனிச்சாமியின் படிவத்தை எடுத்தாள். 'மாதிரி விடுபட்டதற்கான காரணம்' என்ற இடத்தில் மூன்று கட்டங்கள் அச்சடித்திருந்தன. இறந்துவிட்டார். வேறு இடம் சென்றுவிட்டார். ஒத்துழைக்கவில்லை. மறதி நோய் ஆய்வுகளில் காலம் காலமாக அந்த மூன்றுதான். அவள் மூன்றாவது கட்டத்தில் குறி போட்டு நீட்டினாள்.

ரெஜினா அந்தக் குறியை அடித்தார். மூன்று கட்டங்களுக்கும் கீழே கையால் நான்காவதாக ஒரு கட்டம் வரைந்தார். அதன் பக்கத்தில் 'மறுத்தார்' என்று எழுதி, குறி போடச் சொல்லி அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

தவமணி பேனாவைக் கட்டத்துக்கு மேலே நிறுத்தி வைத்திருந்தாள்.

"இப்படிப் போட்டா கட்டாயம் கேப்பாங்க மேடம். மறதி நோய் உள்ளவராச்சே, என்ன ஏதுன்னு புரிஞ்சுதான் வேணாம்னு சொன்னாரான்னு."

ரெஜினா ஆறிப்போன தேநீரைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஏழு வாரம் சரின்னு சொன்னாரே. அப்போ யாராவது கேட்டாங்களா?"