இடித்தவர் பெயர்

இந்தக் கதையை மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் கேட்க வேண்டும். நாற்றம் பழையதுதான், ஆனால் இன்னும் போனபாடில்லை.

செம்பாறைக்குடியில் ராயப்பர் கோயிலும் அதை ஒட்டிப் பங்குப் பள்ளிக்கூடமும் இருக்கின்றன. கோயில் எல்லாருக்கும் பொது என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். ஆனால் திருவிழாச் சப்பரத்தின் முன்கொம்பு யார் தோளில், முன்வரிசையில் யார் உட்காருவது என்பதெல்லாம் மேலத்தெருவின் உரிமை. பெரிய வியாழன் இரவு மணியின் வாயைக் கட்டிவிட்டால் உயிர்ப்பு ஞாயிறு பிறக்கும் பாஸ்கு பூசை வரை மரக்கட்டை தட்டித்தானே ஜனங்களைக் கூப்பிடுவார்கள், அந்தக் கட்டையைத் தட்டக்கூட கீழத்தெருக்காரன் கை ஆகாது. சப்பரம் போனபின் தெருவைக் கூட்டுவதற்கு மட்டும் அந்தக் கை ஆகும்.

நூறு வருஷத்துக்கு முன் பள்ளி தொடங்கியபோது இதே புத்தி வகுப்பறைக்குள்ளும் வந்து உட்கார்ந்தது. இரண்டு தெருப் பிள்ளைகளும் ஒருவரையொருவர் தொட்டுவிடக் கூடாது என்று நடுவே இடுப்புயரத்துக்கு ஒரு சுவர் வைத்தார்கள். வெறும் மண்ணைக் குழைத்து எழுப்பிச் சுண்ணாம்பு பூசிய சுவர். வாத்தியார் மேலத்தெருப் பக்கம் நின்று பாடம் சொல்வார். மறுபக்கத்துப் பிள்ளைகள் காதில் விழுந்ததைப் படித்துக்கொள்ள வேண்டியதுதான். அறுபது வருஷத்துக்கு முன் ஒருநாள் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது.

இப்போது நூற்றாண்டு விழா. 'இங்கிருந்த சுவரை இடித்தவர்' என்று கல்லில் வெட்டி, கீழே ஒரு பெயரும் வெட்டி, ஆயரைக் கொண்டு திறப்பது என்று பங்குச்சாமியார் முடிவு செய்தார். பெயரைக் கண்டுபிடிக்கும் வேலை தலைமையாசிரியை டோராத்தியின் தலையில் விழுந்தது. கல் பள்ளி வாசலில் நிற்கப்போகிறது. அதில் பொய் இருந்தால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அந்தப் பொய்யைத்தான் தினமும் எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள். டோராத்திக்கு அது பொறுக்காது.

சுவர் நின்ற காலத்தில், கட்டியது நாங்கள் என்று மார்தட்டிய வீடுகள் இப்போது இடித்ததும் நாங்கள்தான் என்று வந்து நின்றன. வெட்கமே இல்லை.

முதலில் வந்தவர் மேலத்தெருப் பெரிய வீட்டுக் கிரகோரி. இடித்தது தன் தாத்தா என்றார். சொல்லும்போதே கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் மூணு மணி டீச்சர். ஆண்டவர் உயிர்விட்ட நேரம். கோயில் மணி அடிச்சுது. அந்தச் சத்தத்துல மனசு உடைஞ்சுதான் தாத்தா கடப்பாரையத் தூக்கினாரு."

அடுத்து வந்தவர் பழைய உபதேசியாரின் மகன் இன்னாசிராஜ். தன் அப்பா ஒற்றை ஆளாகச் சுவரை இடித்தார், அந்தக் கல்லையே சுமந்துபோய் மாதா சிலை நிற்கும் கெபியைக் கட்டினார் என்பது அவர் கதை. டோராத்தியைக் கெபிக்கே கூட்டிப்போய், தொட்டுப் பார்க்கச் சொன்னார். டோராத்தி தொட்டுப் பார்த்தாள். நல்ல கருங்கல், வெயிலில் கொதித்தது.

கீழத்தெருவிலிருந்து யாரும் வரவில்லை. டோராத்திதான் தேடிப் போனாள். அந்தச் சுவருக்கு மறுபக்கம் உட்கார்ந்து படித்த குருசம்மாள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். மனசு உடைந்து ஒருவரும் இடிக்கவில்லை என்றாள். சர்க்கார் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, இந்தச் சுவர் இருந்தால் பள்ளிக்கு அங்கீகாரம் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனாராம். மறுநாள் விடியும்போதே அவளைப் பெற்ற ஐயாவுக்கு ஆள் வந்தது. கிரகோரியின் தாத்தா குடை பிடித்துக்கொண்டு மேற்பார்வை பார்த்தார். உபதேசியார் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு தூர நின்றார். மண்ணையெல்லாம் கூடையில் சுமந்து கல்லறைத் தோட்டத்தில் கீழத்தெருப் பக்கம் கொட்டச் சொன்னார்கள்.

"கட்டினது எங்க தாத்தா, இடிச்சது எங்க ஐயா. ரெண்டு தடவையும் செய்யச் சொன்னது அவுங்கதான்" என்றாள் குருசம்மாள். பிறகு கல்லறைத் தோட்டத்தைக் கையால் காட்டினாள். இரு தெருப் பிணங்களையும் பிரிக்கிற சுவர் அங்கே இன்னும் நின்றுகொண்டிருந்தது. போன வருஷம் வெள்ளைகூட அடித்திருந்தார்கள்.

டோராத்தி பையிலிருந்து நோட்டை எடுத்தாள். உங்கள் ஐயா பெயரையே கல்லில் வெட்டிவிடுகிறேன் என்றாள்.

"வேண்டாம் டீச்சரம்மா. இடிச்சவர்னு ஐயா பேரப் போட்டா, கட்டினவர்னு தாத்தா பேரையும் போடணும். சொன்னவுங்க பேரை மட்டும் ஒருத்தரும் போடமாட்டீங்க."

திரும்பி வந்தால், பங்குச்சாமியார் வேறு பாட்டுப் பாடினார். பெரிய வீட்டுப் பெயரைப் போட்டுவிட்டால் ஊரில் சத்தம் இருக்காது என்றார். அதையும் கேட்டுத் தொலைத்தாள் டோராத்தி.

கல்தச்சர் உளியோடு காத்திருக்கிறார். இப்போது நீங்கள் சொல்லுங்கள். வந்த இருவரின் பொய் எங்கெங்கே பிடிபடுகிறது? குருசம்மாளும் வேண்டாம் என்றபின் கல்லில் யார் பெயரை வெட்டுவது சரி?

விடை: பெரிய வெள்ளியன்று எந்தக் கத்தோலிக்கக் கோயிலிலும் மணி அடிப்பதில்லை. மரக்கட்டை தட்டும் உரிமைக்காகக் கத்துகிற வீட்டுக்காரருக்கே அது மறந்துபோயிற்று. மண்சுவரை இடித்தால் கருங்கல் கிடைக்காது, ஆகவே இன்னாசிராஜின் கெபிக் கதையும் பொய். குருசம்மாள் சொன்னது நிஜம். ஆனால் ஏவலுக்குக் கடப்பாரை எடுத்தவரின் பெயரைப் போட்டு ஏவியவர்களின் அழுக்கைக் கழுவ அவள் சம்மதிக்கவில்லை, அதுவே சரி. டோராத்தி சாமியாரிடம் கேட்காமலே கல்தச்சருக்கு வாசகம் எழுதிக் கொடுத்தாள். ஆயர் திரையை விலக்கியபோது கல்லில் இப்படி இருந்தது: 'இங்கிருந்த சுவரை இடித்ததாகச் சொல்பவர்கள் உண்டு. கல்லறைத் தோட்டத்துச் சுவர் இன்னும் நிற்கிறது. அதை இடிப்பவரின் பெயருக்கு இந்த இடம்.' அதன் கீழே கல் வெறுமையாக இருந்தது. அந்த இடத்துக்கு உரிமை கேட்டு இதுவரை ஒருவரும் வரவில்லை.