படுக்காத ராஜா

அல்லிக் குளத்து நீர்க்கோழி அன்று காலையிலிருந்தே பாறையோரம் உட்கார்ந்திருந்தது. எதிரே நரி. நடுவே பாறையில் கரியால் கோடு போட்ட சதுரங்கக் கட்டம். நீர்க்கோழிக்குப் புளியங்கொட்டைகள்தான் சிப்பாய்கள். நரிக்கு வேப்பங்கொட்டைகள்.

தோற்றவர் குளக்கரையை விட்டே போய்விட வேண்டும்; அதுதான் நரி வைத்த பந்தயம். முயல் போயிற்று, மான் போயிற்று. வேடிக்கை பார்க்க மட்டும் வரலாம் என்று நரி பெரிய மனது பண்ணியிருந்தது! நீர்க்கோழியின் முட்டைகளோ கோரைக்குள் இன்னும் பொரியவில்லை. அவற்றைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

நடுவர் கரடி கனைத்தது. "ராஜாவை மடக்கினாலும் வெற்றி. எதிராளி தன் ராஜாவைத் தானே படுக்க வைத்தாலும் வெற்றி. ஆட மாட்டேன்னு எழுந்து போனா, அதுவும் மத்தவருக்கு வெற்றி. ஆடுங்க!"

நரி பாய்ந்து பாய்ந்து வெட்டியது. யானை போயிற்று. ராணி போயிற்று. கடைசியில் நீர்க்கோழியிடம் ஒரு ராஜாவும் ஒரு புளியங்கொட்டையும்தான் மிச்சம்.

"ராஜாவைப் படுக்க வை, கோழியம்மா! எதுக்கு வீண் பிடிவாதம்?" என்றது நரி, பல்லைக் காட்டி.

நீர்க்கோழிக்குப் பயம்தான். ஆனால் அடைகாத்துப் பழகிய உடம்பு. எழுந்திருக்க அதற்குத் தெரியவில்லை.

"நான் ஆடுறேன், நரியண்ணே."

"செக்!" என்றது நரி. நீர்க்கோழி ராஜாவை நகர்த்தியது. மறுபடி "செக்!" மறுபடி நகர்த்தியது. நரி சலித்துப்போய்க் கொட்டாவி விட்டுச் செக் சொல்ல மறந்தபோதெல்லாம் புளியங்கொட்டை ஓர் அடி முன்னே போயிற்று.

"அட, கொட்டைதானே! போகட்டும்!" என்று நரி சிரித்தது.

புளியங்கொட்டை கடைசிக் கட்டத்துக்கு முன்னால் வந்து நின்றது. அப்போதுதான் நீர்க்கோழி நிமிர்ந்து பார்த்தது. நரியின் பெரிய காய்கள் எல்லாம் இந்தப் பக்கம் வேட்டைக்கு வந்துவிட்டன. அங்கே அதே கடைசி வரிசையின் மூலையில் நரியின் ராஜா தனியாக, நகராத மூன்று வேப்பங்கொட்டைகளுக்குப் பின்னால், முன்னே வர வழியில்லாமல் நின்றது. காவலுக்கு ஒருவருமில்லை!

நீர்க்கோழிக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. இது என் கையாலா நடக்கப்போகிறது?

அது கொட்டையை மெல்லக் கடைசிக் கட்டத்தில் வைத்தது.

"கடைசிக் கட்டத்தைத் தொட்ட சிப்பாய் இனி ராணி!" என்று கரடி எழுந்தே விட்டது. "செக்! ராஜாவுக்கு வழியில்லை. மேட்!"

மான் வாயிலிருந்த புல்லை மென்று தின்ன மறந்தது. அந்தச் சின்னக் கொட்டையையே எல்லோரும் கோயில் விளக்கைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

முயல்தான் முதலில் வாய் திறந்தது. "நரியண்ணே, அன்னைக்கு நான் ராஜாவைப் படுக்க வச்சேனே, எனக்கும் ஒரு வழி இருந்திருக்குமா?"

நரி கட்டத்தையே வெறித்துக்கொண்டு சொன்னது: "எனக்கு எப்படித் தெரியும்? இதுவரைக்கும் ஒரு ஆட்டத்தையும் நான் கடைசிவரை ஆடினதே இல்லையே!"

பயமுறுத்தியே ஜெயித்துப் பழகியவர் தம்மைக் காத்துக்கொள்ள மறந்துவிடுவார். பயந்தாலும் இடத்தைவிட்டு எழாதவர் கண்ணுக்குத்தான் அந்தக் காவலற்ற இடம் தெரியும்.