கொம்பையா திறந்து வைத்த பாலம்

நாவல்காட்டு மன்றத்தில் மூன்று பேர் இருந்தார்கள். தலைவர் கொம்பையா என்கிற கடமான். செயலாளர் வெள்ளைச்சாமி என்கிற கொக்கு. உறுப்பினர் தாண்டவன் என்கிற கருங்குரங்கு.

மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு வேலைதான். மழைக்காலம் தொடங்கும் முன்னால் ஒவ்வொரு வருஷமும் ஆனையம்மா என்ற பெரிய யானை அந்தக் காட்டுக்கு வருவாள். பத்து நாள் தங்குவாள். மன்றம் எதைச் சொல்கிறதோ அதைச் செய்து கொடுத்துவிட்டு அடுத்த காட்டுக்குப் போய்விடுவாள். அந்தப் பத்து நாளை எதெதற்குச் செலவழிப்பது என்று திட்டம் போட வேண்டும். அவ்வளவுதான்!

ஒரு யானை பத்து நாளில் எத்தனையோ நல்ல வேலை செய்யும். ஆனால் இவர்கள் அடித்த கூத்தைக் கேளுங்கள்!

முதல் வருஷம் "காட்டை அழகாக்குவோம்" என்று கிளம்பினார்கள். விழுந்து கிடந்த பட்ட மரங்களையெல்லாம் ஆனையம்மாவை விட்டு இழுத்துத் தூரப் போடச் சொன்னார்கள். காடு பளிச்சென்று ஆனது. பட்ட மரத்தில் இருந்த கறையானும் புழுவும் மரத்தோடு போயின. அதைத் தின்று வாழ்ந்தவர்கள் வயிற்றில் ஈரத்துணி!

இரண்டாம் வருஷம் காட்டு நுழைவாயிலில் ஒரு பெரிய வளைவு. மூன்றாம் வருஷம் தலைவர் உட்கார ஒரு மேடை. இந்த வருஷம் என்ன தெரியுமா? காட்டை விட்டு வெளியே போகிற பக்கம் இன்னொரு வளைவு!

"உள்ளே வர்றவங்களுக்கு ஒரு வளைவு இருக்கு. வெளியே போறவங்க என்ன பாவம் செய்தாங்க?" என்று கேட்டார் கொம்பையா.

"ஆகா! என்ன தொலைநோக்கு!" என்றான் தாண்டவன்.

"தீர்மானம் நிறைவேறியது!" என்றார் வெள்ளைச்சாமி. வளைவுக்கு ஏழு நாள், மேடையைப் பெரிதாக்க மூன்று நாள். பத்தும் தீர்ந்தது.

அப்போது கூட்டத்துக்குள் ஒரு காட்டுக்கோழி விறுவிறுவென்று நுழைந்தாள். பெயர் சிவந்தி. கோபம் வந்தால் கழுத்து இறகெல்லாம் எழுந்து நிற்கும். இப்போது நின்றுகொண்டுதான் இருந்தது.

"தலைவரே! ஓடைக்குப் பாலம் கேட்டு மனு கொடுத்தேனே, என்ன ஆச்சு? இது மூணாவது மனு!"

"பரிசீலனையில் இருக்கிறது" என்றார் வெள்ளைச்சாமி, ஒற்றைக்காலில் நின்றபடி.

"இன்னும் எத்தனை நாளைக்கு ஐயா பரிசீலிப்பீங்க? இந்தக் கரையில இருந்த கறையானையெல்லாம் அழகு பண்றேன்னு நீங்கதான் வாரிப் போட்டீங்க. இப்போ தீனி எல்லாம் ஓடைக்கு அந்தப் பக்கம். நான் பறந்துடுவேன். என் ஆறு குஞ்சுகளும் எப்படிப் போகும்? போன மழையில ரெண்டு பிள்ளையை அந்த ஓடைக்குக் கொடுத்தவ நான்!" அவள் மலைப்பக்கம் கழுத்தை நீட்டிக் காட்டினாள். "மலையில மழை தொடங்கியாச்சு. தண்ணி ஏறுது. இந்தக் கரையில இன்னும் ரெண்டு நாளைக்குத்தான் தீனி இருக்கு."

"ஓடையா? எந்த ஓடை?" என்றார் கொம்பையா. "ஓ, அந்த வழுக்கோடையா! நேத்துகூடத் தாண்டினேனே. முழங்கால்தானே நனையுது?"

"எனக்கு அதுகூட நனையாது. ஒரே தாவல்!" என்றான் தாண்டவன்.

"எனக்கு அங்கேதான் மீனே கிடைக்குது. நல்ல ஓடை" என்றார் வெள்ளைச்சாமி.

"ஒரு தடவை வந்து நேரில் பாருங்களேன்!"

"பார்க்கலாம், பார்க்கலாம்" என்று கொம்பையா எழுந்துவிட்டார். கூட்டம் கலைந்தது.

சிவந்தி நேரே ஆனையம்மாவிடம் போய்க் கேட்டிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போன வருஷமே கேட்டுப் பார்த்துவிட்டாள். "மன்றம் சொன்னாத்தான் தாயி துதிக்கையைத் தூக்குவேன். ஒருத்திக்குத் தனியாச் செய்தா, நாளைக்கு ஊரே என் வாலைப் பிடிச்சு இழுக்கும்" என்று ஆனையம்மா கைவிரித்துவிட்டாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

சிவந்தி வீட்டுக்குத் திரும்பும் வழியில் யோசித்தாள். மூன்று வருஷமாகக் கூப்பிடுகிறாள், கொம்பையா ஒருநாளாவது ஓடையைப் பார்க்க வந்தாரா? இல்லை. ஆனால் வளைவு திறப்பு விழாவுக்கு விடியுமுன்னே வந்து நின்றாரே! மேடை திறப்பு விழாவுக்கு முந்தின நாளே கொம்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொண்டாரே! எலி வளைக்குத் திறப்பு விழா என்று கூப்பிட்டாலும் மாலையைத் தேடிக்கொண்டு வருகிற ஆள்தான் அவர்.

சிவந்தி நின்றாள். திரும்பினாள். ஒரே ஓட்டமாகத் தலைவரிடம் ஓடினாள்.

"தலைவரே! ஒரு சின்ன விண்ணப்பம். நாளைக் காலையில வழுக்கோடைப் பாலத்தை நீங்கதான் உங்க பொற்கையால திறந்து வைக்கணும்!"

கொம்பையா விழித்தார். பாலமா? நேற்றுத் தாண்டும்போது இல்லையே, அதற்குள் எப்போது கட்டினோம்? ஆனால் தலைவருக்கே தெரியவில்லை என்றால் வெளியே கேட்பவர்கள் சிரிக்க மாட்டார்களா? "மாலை உண்டா?" என்று மட்டும் கேட்டார்.

"ரெண்டு மாலை!"

"வந்துடறேன் அம்மா!"

அன்று மாலை அவர் வெள்ளைச்சாமியிடம் பொதுவாகச் சொல்லி வைத்தார். "நாளைக்குப் பாலம் திறப்பு விழா. நினைவிருக்கா?"

வெள்ளைச்சாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தலைவரே கட்டிவிட்டார் போலிருக்கிறது, மீன் பிடிக்கிற மும்முரத்தில் நாம்தான் கவனிக்கவில்லை என்று நினைத்தார். "இல்லாமலா தலைவரே! எல்லாம் ஏற்பாடு ஆச்சு" என்று பூசி மெழுகினார். தாண்டவனைப் பார்த்து, "பாலம் எப்படி வந்திருக்கு?" என்று நைசாகக் கேட்டார்.

செயலாளரே கட்டியிருப்பார் என்று நினைத்த தாண்டவன், "பிரமாதமா வந்திருக்கு! நானே நடந்து பார்த்தேன்!" என்றான்.

மூன்று பேரில் ஒருவர், ஒரே ஒருவர், "எந்தப் பாலம்?" என்று வாயைத் திறந்து கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கேட்டால்தானே!

மறுநாள் காலை ஓடைக்கரையில் காடே கூடிவிட்டது. முயல்கள், முள்ளம்பன்றிகள், கீரிகள், எல்லோரும் குட்டிகளோடு வந்திருந்தார்கள். அன்றுதான் காட்டுக்கு வந்து சேர்ந்த ஆனையம்மாவும் ஓரமாக நின்றாள். ஓடையை ஒட்டி, சிவந்தி இரவெல்லாம் தேக்கிலைகளைக் கோத்துக் கட்டிய ஒரு திரை தொங்கியது. திரைக்குக் குறுக்கே ஒரு பூங்கொடி. அந்தக் கொடியை இழுத்தால் திரை கீழே விழும்.

கொம்பையா வந்தார். ஆளுயர மாலை! கழுத்தில் ஒன்று, கொம்பில் ஒன்று. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை என்போமே, மானுக்கும் அப்படித்தான்.

திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேச ஆரம்பித்தார். "பெரியோர்களே! தாய்மார்களே! இந்தப் பாலம் என் நெடுநாள் கனவு! இதன் ஒவ்வொரு மரத்தையும் நானே முன்னின்று தேர்ந்தெடுத்தேன்! இனி இந்தக் காட்டில் ஒரு குஞ்சின் கால்கூட நனையாது! இது என் வாக்கு!"

கைதட்டல் காதைப் பிளந்தது. சிவந்திக்கு உள்ளுக்குள் சிரிப்பு பொங்கியது. இப்போது திரை விழும், வெறும் ஓடை தெரியும், மூவர் முகத்திலும் அசடு வழியும், ஊர் முன்னால் சொன்ன வாக்கைக் காப்பாற்றியே ஆகவேண்டி வரும். இதுதான் அவள் போட்ட கணக்கு.

"பாலத்தைத் திறக்கிறேன்! எல்லோரும் தைரியமாக நடந்து செல்லலாம்!" என்று முழங்கிவிட்டுக் கொம்பையா கொடியைக் கடித்து இழுத்தார்.

திரை சரிந்தது. அந்த நொடியே "ஐ! பாலம்!" என்று கத்திக்கொண்டு அவர் கால்களுக்கு நடுவே ஒன்று புகுந்து ஓடியது. சிவந்தியின் கடைக்குட்டி!

தலைவர் சொன்னதை அது அப்படியே நம்பிவிட்டது. பாலத்தில் கால் வைப்பதாக நினைத்துத் தண்ணீரில் கால் வைத்தது. பொளக்!

"ஐயோ! என் பிள்ளை!" சிவந்தி அலறினாள்.

ஓடை அந்தச் சின்னப் பந்தை உருட்டிக்கொண்டு போனது. ஒரு தரம் தலை தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை.

கொம்பையா யோசிக்கவில்லை. அதைச் சொல்லியே ஆகவேண்டும். மாலையோடு ஓடைக்குள் பாய்ந்தார். நாலு எட்டில் குஞ்சை முந்தினார். தலையைத் தண்ணீருக்குள் விட்டார். கொம்பில் தொங்கிய மாலையைக் குஞ்சு இரண்டு காலாலும் இறுகப் பிடித்துக்கொண்டது. அவர் தலையைத் தூக்கினார். பூவோடு பூவாக, நனைந்த பஞ்சு மாதிரி அது தொங்கியது.

"கீச்!" என்றது. உயிர் இருந்தது!

கொம்பையா ஓடைக்கு நடுவில் அப்படியே நின்றுவிட்டார். குனிந்து பார்த்தார். தண்ணீர் அவர் முழங்கால் அளவுதான் இருந்தது. மெல்லத் தலையை நிமிர்த்தி, கொம்பில் நடுங்குகிற குஞ்சைப் பார்த்தார். அவர் முழங்கால் உயரத்தில் இதைப் போல நாலு குஞ்சை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தலாம்.

கரைக்கு வந்ததும் சிவந்தி குஞ்சை இறக்கைக்குள் இழுத்துக்கொண்டாள். அழுதாள், திட்டினாள், மறுபடி அழுதாள். "உங்களை மட்டும் சொல்லி என்ன! கூப்பிட்டு வேடிக்கை காட்ட நினைச்சேனே, என் புத்தி எங்கே போச்சு! ஆனா தலைவரே, இது ஒவ்வொரு மழையிலயும் நடக்குது. இன்னைக்குத்தான் நீங்க பக்கத்தில இருந்தீங்க!"

கொம்பையாவின் முகத்தில் ஈயாடவில்லை. வெள்ளைச்சாமியும் தாண்டவனும் திருடனைத் தேள் கொட்டினது போல விழித்தார்கள்.

"சிவந்தி, நான் கட்டவும் இல்லை, பார்க்கவும் இல்லை. கட்டினதாச் சொன்னது பொய்" என்றார் கொம்பையா. ஊரே கேட்கும்படிதான் சொன்னார். "என் பேச்சை நம்பின ஒரே ஆள் இந்தக் குஞ்சு. அதையே கொல்லப் பார்த்தேன்." பிறகு திரும்பினார். "ஆனையம்மா! முதல் வேலை இங்கேதான்!"

"தலைவரே," என்று வெள்ளைச்சாமி மெல்ல இழுத்தார், "தீர்மானப்படி முதல் வேலை வளைவு..."

"வெள்ளைச்சாமி! அந்த இன்னொரு காலையும் கீழே வெச்சு ஒழுங்கா நில்லுய்யா!"

கொக்கு இரண்டு காலிலும் நின்றது. காட்டில் அதுவரை யாரும் பார்க்காத காட்சி அது. முயல்கள் விழுந்து விழுந்து சிரித்தன.

ஆனையம்மா கரையில் சாய்ந்து நின்ற ஒரு பட்ட மருத மரத்தை நெற்றியால் முட்டினாள். மரம் ஓடைக்குக் குறுக்கே விழுந்தது. துதிக்கையால் புரட்டிச் சரிசெய்தாள். இரண்டு முனையிலும் கல்லை முட்டுக்கொடுத்தாள். பக்கத்தில் இன்னொரு மரத்தை உருட்டி அணைத்தாள். மேலே ஏறிப் பார்க்கவில்லை, ஏறினால் பாலம் தாங்காது! காலால் மட்டும் அழுத்திப் பார்த்தாள்.

வெயில் உச்சிக்கு வரவில்லை. வேலை முடிந்துவிட்டது.

"அவ்வளவுதானா?" என்றார் கொம்பையா.

"அவ்வளவுதான். அரை நாள் வேலை" என்று மண்ணைத் தட்டினாள் ஆனையம்மா. "இதுக்கா மூணு வருஷம் பரிசீலிச்சீங்க?"

கொம்பையா பாலத்தை ஒரு தரம் காலால் தட்டிப் பார்த்தார்.

"இன்னும் ஒன்பதரை நாள் இருக்கு. வளைவுக்குக் குழி தோண்டட்டுமா?" என்று கேட்டாள் ஆனையம்மா.

"வளைவும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்!" என்றார் கொம்பையா. முள்ளம்பன்றி பக்கம் திரும்பினார். "நீயும் ஏதோ மனு கொடுத்திருந்தியே, என்னப்பா அது?"

"வளைக்குள்ள மழைத்தண்ணி வருதுங்க."

"வா, காட்டு. நானே குனிஞ்சு பார்க்கிறேன்." இரண்டு எட்டு வைத்தவர் நின்றார். "தாண்டவா, நீயும் வா. மரத்து மேலே வேண்டாம். தரையில நடந்து வா!"

தாண்டவன் முணுமுணுத்துக்கொண்டே நடந்தான். முள் குத்தியதும்தான் அந்தப் பாதையில் முள் இருப்பதே அவனுக்குத் தெரிந்தது.

"தலைவரே, கொஞ்சம் இருங்க!" என்று சிவந்தி கூப்பிட்டாள். "இப்போ நிஜமாவே பாலம் வந்துடுச்சு. இன்னொரு தடவை திறந்து வெச்சுட்டுப் போங்களேன்!"

"திறக்கிறதாவது! பசியோட நிக்கிற பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு விழாவா? நடங்கம்மா, நடங்க!" என்று சொல்லிவிட்டு, அவர் முள்ளம்பன்றியின் பின்னால் போய்விட்டார்.

ஆறு குஞ்சுகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாலத்தில் ஏறின. கடைக்குட்டி மட்டும் ஒரு காலை வைத்து, எடுத்து, மறுபடி வைத்துப் பார்த்தது. மரம் மரமாகவே இருந்தது. அப்புறம் அம்மாவையும் முந்திக்கொண்டு அக்கரைக்கு ஓடியது, கறையான் புற்று இருக்கும் பக்கமாக.

ஊருக்கு நல்லது செய்ய வந்தவர்கள், தங்களுக்கு முழங்கால் நனைகிற இடத்தில் எளியவர்கள் மூழ்கிப்போவார்கள் என்பதை நேரில் போய்ப் பார்த்து, அந்த வேலையைத்தான் முதலில் செய்ய வேண்டும்.