வட்டம் இல்லாத கீறல்

வண்ணார்பேட்டை சிக்னலில் அன்று இரண்டு கார் உரசியபோது அங்கே நின்றவர்கள் ஐந்து பேர்: வாடகைக் கார் ஓட்டும் மாசானமுத்து, அவன் மனைவி பூங்கனி, ஒப்பந்தக்காரர் வைரமணி, போக்குவரத்துக் காவலர் ஒருவர், பூ விற்கும் அம்மாள் ஒருத்தி.

பெரியாஸ்பத்திரியில் மாசானமுத்துவின் மகள் மூச்சுக் கருவியோடு கிடந்தாள். இரவு தாண்டாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஐந்தரைக்கு மேல் பார்க்க விடமாட்டார்கள். அந்த அவசரத்தில்தான் அவன் கார் முன்னால் நின்ற வைரமணியின் காரை உரசிவிட்டது.

வைரமணி சாவியைப் பிடுங்கிக்கொண்டார். "பன்னிரண்டாயிரம் எடுத்து வை."

"இன்சூரன்ஸ்ல பாத்துக்கலாமே, அய்யா."

"அதுக்கு இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து அடியப் பாக்கணும். நாளை வரைக்கும் உன் வண்டி இங்கயே கிடக்கும். என்னலே, சம்மதமா?"

மாசானமுத்து கைகட்டி நின்றான். "பணமே தாரேன். எங்கெங்க அடின்னு மட்டும் காட்டுங்க."

வைரமணி குனிந்து மூன்று நெளிசல்களைத் தொட்டுக் காட்டினார். ஒவ்வொன்றையும் சுற்றிச் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டிருந்தது.

"அடிபட்ட இடத்துல சர்வேயர்தான் இப்படி வட்டம் போடுவாரு. நான் இடிச்சு அஞ்சு நிமிசம்கூட ஆகல. அதுக்குள்ள வந்துட்டுப் போயிட்டாரா, அய்யா? வட்டம் இல்லாத இந்தக் கீறல்தான் என்னுது. அதுக்கு என்ன உண்டோ தந்துருதேன்."

"ஒரே அடிக்கு இன்சூரன்ஸ்லயும் வசூல், இவர்ட்டயும் வசூலா?" என்று பூக்கார அம்மாள் சிரித்தாள்.

காவலர் சாவியை வாங்கிக் கொடுத்தார். "கீறல் கணக்கப் பொறவு பாத்துக்கலாம். போங்க அண்ணாச்சி."

வார்டு வாசலை அடைந்தபோது மணி ஐந்து இருபத்தேழு. ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அனுமதி. பூங்கனி உள்ளே போனாள். யாரும் கூப்பிடாமல் அவளே சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு வெளியே வந்து, "நீங்க போங்க" என்று அவனைத் தள்ளினாள்.

மீதி இருந்தது ஒரு நிமிடம்.