எருமையை மீட்க இரண்டு அனுமதி

மொட்டப்பாறைக்காரர்களை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், சட்டத்தை மீறினார்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எனக்குக் கோபம் வரும்.

ஊரை ஒட்டித் தேசியப் பூங்கா. எல்லைப் பலகைக்கு இரண்டடி உள்ளே ஒரு சேற்றுக்குட்டை. செங்கோடனின் எருமை அதில் மாட்டிக்கொண்டது. வீட்டில் பத்து நாள் கன்று பாலுக்குக் கத்துகிறது. செங்கோடனுக்குச் சோறு இறங்கவில்லை.

கயிறோடு செங்கோடன், குப்பண்ணன், ஊர்த்தலைவர் ஆறுச்சாமி மூவரும் ஓடினார்கள். பலகையில் எழுதியிருந்தது: ‘மாநில, மத்திய அரசுகளின் அனுமதியின்றி உள்ளே எதுவும் செய்யக் கூடாது.’

ஆறுச்சாமி கயிற்றைக் கீழே வைக்கச் சொன்னார்.

“மாடு என்னுதுதானுங்களே?” என்றான் செங்கோடன்.

“மாடு உன்னுது. காடு மாநிலத்துது. காட்டுச் சட்டம் மத்தியத்துது. இழுக்கறது யாருதுன்னு சொல்லு பாக்கலாம்.”

குப்பண்ணன் வெகுநேரம் யோசித்தார். “முன்பாதிக்கு மாநிலத்தைக் கேப்போம். பின்பாதிக்கு மத்தியத்தைக் கேப்போமுங்க.”

நியாயமாகத்தான் பட்டது. இரண்டு மனு போட்டார்கள்.

அந்தப் பக்கம் வந்த வனக்காவலர், “அட, இழுங்கப்பா, நான் பாத்துக்கறேன்” என்றார்.

“நீங்க எந்தப் பாதிக்குங்க?” என்று கேட்டார் ஆறுச்சாமி. காவலர் நடையைக் கட்டினார்.

மறுநாள் எருமைக்குப் பசி. உள்ளே வைக்கோல் போடுவதும் ஒரு செயல்தானே? செங்கோடன் பலகைக்கு வெளியே நின்று வைக்கோலை நீட்டினான். எருமை ஒரு முக்கு முக்கி, தானே ஏறி வந்து தின்றது. அவன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான்.

ஆறுச்சாமியின் முகம் வாடியது. “அனுமதி வரும்போது எருமை சேத்துல இல்லீனா, நாம பொய் மனு போட்டதா ஆயிரும்.”

கன்றை நினைத்துச் செங்கோடன் தயங்கினான். பிறகு அவனும் தோள் கொடுத்தான். வெளியே நின்றபடியே மூவரும் எருமையைக் குட்டைக்குள் தள்ளினார்கள். எருமை சற்று விலகிக்கொண்டது. மூவரும் உள்ளே விழுந்து இடுப்பளவு சேற்றில் மாட்டிக்கொண்டார்கள். எருமை கன்றைத் தேடி வீட்டுக்குப் போனது.

மறுநாள் காலை காவலர் இரண்டு அனுமதியோடும் வந்தார். மூவரையும் பார்த்ததும் கயிற்றை எடுத்து வீசினார்.

யாரும் பிடிக்கவில்லை.

“காகிதத்துல என்ன போட்டிருக்குதுங்க?” என்றார் ஆறுச்சாமி.

“ஒரு எருமையை இழுக்கலாம்னு போட்டிருக்கு.”

மூவரும் கலந்து பேசினார்கள்.

“அப்ப ஒண்ணு பண்ணுங்க” என்றார் ஆறுச்சாமி. “வீட்டுல எருமை நிக்குது. ஓட்டியாந்து உள்ள தள்ளுங்க. அதை இழுக்கறப்ப நாங்க வாலைப் புடிச்சுட்டு வந்தர்றோம்.”